மூக்கில் போட்ட ஊசி

என்னை வைத்திருந்த அறைக்கு இரண்டு கதவுகள். இரண்டுக்கும் பூட்டு கிடையாது. கொண்டுவந்து படுக்க வைத்த அன்றைக்கே கறார் சிஸ்டர் அதைச் சொல்லிவிட்டார்.

"நாங்க யாரையும் பூட்டி வெக்கறதில்லம்மா. உள்ளேருந்து நீங்களே தொறக்கலாம். ஆனா தொறக்க மாட்டீங்க."

கறார் சிஸ்டர் என்பது நான் வைத்த பெயர். அவர் கையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்குவதென்றால்கூட நான் கையைக் கழுவிவிட்டுத்தான் நீட்ட வேண்டும். கழுவினேன் என்று சொன்னால் போதாது, அவர் கண்ணெதிரே கழுவ வேண்டும். தொறக்க மாட்டீங்க என்று அவர் சொன்னது அன்றைக்கு எனக்கு மிரட்டலாகத்தான் பட்டது. போகப் போகத்தான் அது வெறும் தகவல் என்று புரிந்தது. பூட்டியிருந்தாலாவது பூட்டியவர்களைத் திட்டலாம். திறந்து கிடக்கிற கதவுக்குள் உட்கார்ந்துகொண்டு யாரைத் திட்டுவது?

என் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்று போயிருந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் மருந்து கொடுத்துத் துடைத்தெடுத்துவிட்டு, என் அண்ணனின் மஜ்ஜையிலிருந்து கொஞ்சம் எடுத்து எனக்கு ஏற்றியிருந்தார்கள். அது உள்ளே ஒட்டிக்கொண்டு, வேலை பழகி, ஆள் சேர்க்கும்வரை எனக்கு எதிர்ப்புச் சக்தி என்று ஒன்றும் கிடையாது. அடுத்தவர் தும்மினால் அவருக்கு ஜலதோஷம், எனக்குச் சுடுகாடு. டாக்டர் இதையே நாசூக்காகச் சொன்னார். நாசூக்காகச் சொல்கிற விஷயங்கள்தான் என்னை அதிகம் பயமுறுத்தின.

அறையில் திறக்கிற ஜன்னல் கிடையாது. கூரையிலிருந்து வடிகட்டிய காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சல் ஒரு நிமிடம்கூட ஓயாது. முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு அது நின்றுவிடுமோ என்ற பயம் வந்துவிட்டது. கட்டில், கழிப்பறை, கழுவும் தொட்டி, ஒரு நாற்காலி. சாப்பாடு வேகவைத்து, மூடி, மறுபடி சூடாக்கி வரும். ருசி என்ற ஒன்று வழியிலேயே இறங்கிப் போயிருக்கும். ஒரு பக்கச் சுவரில் மட்டும் பெரிய கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் பார்வையாளர்கள் நிற்கிற நடை. என் பக்கம் சுவரில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, அவர்கள் பக்கம் சுருள் ஒயரில் ஒரு ரிசீவர். அவர்கள் அதை எடுத்துவிட்டால் போதும், பேச்சு மட்டுமில்லை, மூச்சு விடுவதுகூட என் அறை முழுக்கக் கேட்கும். நான் முணுமுணுப்பதும் அவர்களுக்குக் கேட்கும். அது தெரியாமல் முதல் வாரம் நான் முணுமுணுத்தவற்றைப் பற்றி இங்கே வேண்டாம்.

வெளியே இருந்தபோது எனக்கு வாடிக்கையாளர் சேவையில் வேலை. நாள் முழுக்கக் காதில் ஹெட்போன். கோபத்தோடு கூப்பிடுகிறவர்களிடம் "தயவுசெய்து இணைப்பில் காத்திருங்கள்" என்று சொல்லி, பாட்டைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவேன். அந்தப் பாவம்தான் மொத்தமாகச் சேர்ந்து என்னை இங்கே கொண்டுவந்து காத்திருக்க வைத்திருக்கிறது என்று அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை. மஜ்ஜை கொடுத்ததிலிருந்து அவனுக்கு நகைச்சுவை கொஞ்சம் குறைந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நடுவில் நின்று ஆள் மாட்டிக்கொண்டால் முதலில் ஓடுகிறவர் இவர்தான். உள்ளே இருப்பவர்களிடம் பேச இவருக்கென்று ஒரு முறை உண்டு. வாயைத் திறந்ததும் முதலில் சொல்வது: "நான் வந்துட்டேன். கதவைத் தொடாதீங்க." உள்ளே இருக்கிறவர்கள் பதற்றத்தில் கதவை நெம்பித் திறந்துவிடுவார்களாம், பாதி மாடியில் நிற்கும்போது அதுதான் ஆளையே காலி பண்ணுமாம். இரண்டாவதாக, "எந்த மாடி காட்டுது?" என்று கேட்பார். அது இவருக்கே தெரியும், சும்மா பேச்சுக் கொடுக்கத்தான் கேட்பது. மூன்றாவது, எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் ஒருபோதும் சொல்ல மாட்டார். "அஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டா, உள்ள இருக்கறவங்க அதையே எண்ணிக்கிட்டிருப்பாங்க. ஆறாவது நிமிஷம் என்னை நம்ப மாட்டாங்க" என்பார்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியுமென்றால், ஒரு காலத்தில் எங்கள் அலுவலக லிஃப்டில் இருட்டில் தனியாக மாட்டிக்கொண்டு, கைப்பையால் கதவை இடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். மேலே எங்கிருந்தோ அந்தக் குரல் வந்தது. அந்தக் குரலைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். ஆள் கூடவே வந்தார்.

இப்படிப்பட்ட ஆள், பத்து மாடிக் குழியில் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிற ஆள், ஊசியைக் கண்டால் நடுங்குவார். விளையாட்டில்லை. முகம் வெளுத்து, உதடு காய்ந்து, இருந்த இடத்தில் இருக்க மாட்டார். எங்கள் மகளுக்குக் குழந்தையில் போட்ட ஒவ்வொரு ஊசிக்கும் தூக்கிக்கொண்டு போனது நான். சொட்டு மருந்து என்றால் மட்டும் முதல் ஆளாக வரிசையில் நின்று, "எங்க பொண்ணு அழவே மாட்டா சார்" என்று பெருமையடித்துவிட்டு வருவார். நானும் அதை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன். ஆளுக்கொரு கோணல் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அண்ணனுடைய செல்கள் ஒட்டிக்கொண்டுவிட்டனவாம். வீட்டுக்குப் போகலாமாம். கண்ணாடிக்கு வெளியே நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்து, ஸ்பீக்கரில் அவர் சொன்னது இது:

"வீட்டுல இருக்கறவங்க எல்லாரும் ஊசி போட்டிருக்கணும். உங்க பொண்ணுக்கு ஃப்ளூ ஊசி ஒண்ணு போதும். உங்களுக்கு ஃப்ளூவும் கக்குவான் ஊசியும், ரெண்டும். போட்டுட்டு வாங்க, அனுப்பிடறோம்."

அவர் சொன்னது ஊசி. நாமெல்லாம் சொல்கிற சொல்தான், யாருக்கும் அதில் சந்தேகம் வராது.

என் வீட்டுக்காரர் "சரிங்க டாக்டர்" என்றார். அந்தச் சரியை நான் நம்பவில்லை.

முதல் நாள் ஏதோ ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். அடுத்த நாள் ஊசி போடுகிற அறையில் கூட்டமாம். அதற்கடுத்த நாள் அண்ணன் கையோடு இழுத்துக்கொண்டு போனான். சட்டைக் கையைச் சுருட்டுகிறவரைக்கும் சரியாக இருந்தாராம். பஞ்சை நனைக்கிற வாசனை வந்ததும், "வண்டியைக் குறுக்கால நிறுத்திட்டேன், எடுத்து ஓரமா விட்டுட்டு வந்துடறேன்" என்று எழுந்தாராம். வண்டியோடு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் சொன்னபோது நான் சிரித்தேன். இவர் கையை நீட்டாததால் நான் இந்த இரைச்சலுக்குள் இன்னொரு ராத்திரி படுக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், முகமெல்லாம் பல்.

"ஊசியே இல்லாம எத்தனை வழி கண்டுபிடிச்சிருக்காங்க தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தார். "பிளாஸ்திரி மாதிரி ஒண்ணு. கையில ஒட்டிக்கிட்டா போதும். கண்ணுக்கே தெரியாத முள்ளுங்க இருக்குமாம் அதுல. தோலுக்குள்ள போய் தானா கரைஞ்சிடுமாம். வலியே கெடையாது."

"எங்க கெடைக்குது?"

"இன்னும் சோதனையில இருக்கு."

"சரி."

"இன்னொண்ணு துப்பாக்கி மாதிரி. அதுல ஊசியே கெடையாது. பைப்புல சின்ன ஓட்டை விழுந்தா தண்ணி சர்ருன்னு பீச்சி அடிக்கும் பாரு, அந்த மாதிரி மருந்தைத் தோலுக்குள்ள அடிச்சிடும். ஒரு நொடிகூட ஆகாது."

"அது?"

"அது சில எடத்துல இருக்கு. இங்க இல்ல. விசாரிச்சுட்டேன்."

"சரி."

"மாத்திரையா முழுங்கறதுக்குக்கூட பாத்துக்கிட்டிருக்காங்க. இன்னும் கொஞ்ச வருஷம்தான். ஊசிங்கற பேச்சே இருக்காது."

"அதுவரைக்கும் நான் இங்கேயே இருக்கவா?"

ரிசீவரை மெதுவாக மாட்டிவிட்டுப் போனார். முதுகைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவப்படுகிறோமே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

இரண்டு நாள் கழித்து மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் மகளை நாங்கள் வாண்டு என்றுதான் கூப்பிடுவது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு, வாய் மட்டும் பட்டப்படிப்பு. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு குதித்தாள். அவர் ரிசீவரை எடுத்தார்.

"போட்டாச்சு" என்றார்.

"என்னது?"

"ஃப்ளூ. ரெண்டு பேருக்கும். போட்டுக்கிட்டு நேரா இங்கதான் வர்றோம். இன்னொண்ணு மட்டும் பாக்கி. அதையும் பாத்துக்கலாம்."

என் உச்சி குளிர்ந்துபோனது. மனுஷன் எனக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், கையை நீட்டியிருக்கிறார். ஒன்றைத் தாங்கியவர் இன்னொன்றைத் தாங்க மாட்டாரா? கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டேன். சீப்பைக்கூட எடுத்து வைத்தேன். தலையில் ஒரு முடி இல்லை என்பது அதை உள்ளே போட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. வெளியே எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, மேலங்கியும் முகக்கவசமுமாகக் கறார் சிஸ்டர் உள்ளே வந்தார். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடிக்குத் திரும்பினார்.

"போட்டாச்சா சார்? பரவாயில்லையே. எந்தக் கையில போட்டாங்க?"

என் வீட்டுக்காரர் கையைக் காட்டவில்லை. மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

"ரெண்டு துளையிலயும்" என்றார் பெருமையாக. "ஸ்ப்ரே. அலைஞ்சு திரிஞ்சு ஒரு கிளினிக்ல கண்டுபிடிச்சேன். வாண்டுக்கும் அதேதான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரல."

கறார் சிஸ்டர் என் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. நோயாளியின் கட்டிலில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்தான்.

"ஊசியில இருக்கறது செத்த கிருமி சார்" என்றார் நிதானமாக. "மூக்குல விடறது உயிரோட இருக்கறது. நோஞ்சானாக்கித்தான் விடுவாங்க, நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. நல்ல மருந்துதான், தப்பே சொல்ல முடியாது. ஆனா அது கொஞ்ச நாளைக்கு உங்க மூக்குல குடியிருக்கும். தும்மினா வெளியே வரும். நம்மள மாதிரி ஆளுங்க அதை ஒரு தட்டு தட்டிடுவோம். இவங்க உடம்புல அந்த நோஞ்சானைத் தட்டறதுக்குக்கூட ஆள் கெடையாது."

சிஸ்டர் கட்டிலிலிருந்து எழுந்தார்.

"அங்க யாரும் கேக்கலியா, வீட்டுல இப்படி ஒரு பேஷண்ட் இருக்காங்களான்னு?"

"கேட்டாங்க. வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு." அவர் குரல் இறங்கியிருந்தது. "இவ வீட்டுல இல்லையே, ஆஸ்பத்திரியிலதானே இருக்கான்னு நெனச்சு, இல்லைன்னுட்டேன்."

"டாக்டர் உங்ககிட்ட ஊசின்னுதானே சொன்னாரு?"

"எல்லாத்தையும் ஊசின்னுதானே சிஸ்டர் சொல்றோம். அந்த கிளினிக்லயே மூக்கு வழித் தடுப்பூசின்னுதான் எழுதி வெச்சிருக்காங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் கொடுமை. நம் வாயில் எல்லாமே ஊசிதான். சொட்டாக விட்டாலும் தடுப்பூசி, மூக்கில் அடித்தாலும் தடுப்பூசி, நாளைக்கு அந்தப் பிளாஸ்திரி வந்தாலும் அதைத் தடுப்பூசி என்றுதான் சொல்லப்போகிறோம். எதை எப்படிக் கொடுத்தாலும் பேரிலிருந்து ஊசியை நம்மால் பிடுங்க முடியாது. டாக்டர் ஊசி என்றால் ஊசி என்ற அர்த்தத்தில் சொன்னார். இவர் அந்த ஒரு சொல்லில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, அது வழியாக நழுவி, நேராக வந்து என் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறார். மூக்குடைபட்டு நிற்பது என்பார்களே, அது இவ்வளவு பொருத்தமாக யாருக்கும் அமைந்திருக்காது. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் வந்தார், விவரம் கேட்டார், நெற்றியைத் தேய்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தோடு சரி, இரண்டு பேருமே இனி ஒரு வாரத்துக்கு என் பக்கத்தில் வரக் கூடாது. நான் இன்னும் ஒரு வாரம் இங்கேயே. அண்ணன் வீட்டுக்கு அனுப்பலாமா என்று யோசித்தார்கள். அங்கே இரண்டு சின்னப் பையன்கள். இளையவனுடைய மூக்கு ஒழுகாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது. ஆகவே அதுவும் இல்லை.

"அப்புறம் அந்தக் கக்குவான் ஊசி" என்றார் டாக்டர், கண்ணாடியைப் பார்த்து. "அதுக்கு மூக்கு வழி கெடையாது. அது போடலேன்னா, அவங்க வீட்டுக்குப் போற அன்னிக்கு நீங்க வேற எடம் பாத்துக்கணும்."

அவர் போன பிறகு வாண்டு அப்பாவின் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"அம்மா. நான் ஊசியே போட்டுக்கறேன்னுதான்மா சொன்னேன். அப்பாதான் பாக்க முடியாதுன்னாரு."

ஏழு வயதுக் குழந்தை கையை நீட்டியிருக்கிறது. பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய மனுஷனால் பார்க்க முடியவில்லை. அதற்காக அவளுக்கும் மூக்கிலேயே போட வைத்திருக்கிறார். அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. கோபம் என்று சொன்னால் அது குறைச்சல். வெறுப்பு வந்தது, சுத்தமான வெறுப்பு. நான் கழுத்தில் குழாயோடு, நெஞ்சில் குழாயோடு, கையில் குத்த இடமில்லாமல் காலில் குத்திக்கொண்டு கிடக்கிறேன். இவருக்கு ஒரே ஒரு தடவை, கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை.

"நீங்க கெளம்புங்க" என்றேன்.

"ஏய், நான் வந்து..."

"கெளம்புங்க."

எழுந்து போய்க் கண்ணாடியின் திரையை இழுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அந்த அறை எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. கண்ணாடி ஒரு பக்கம் இருந்ததால் இத்தனை நாள் அது ஏமாற்றிக்கொண்டிருந்தது. திரை விழுந்ததும் நான்கு சுவரும் கட்டில் வரைக்கும் வந்து நின்றன. கதவுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் நடந்தேன். திரும்பி நடந்தேன். மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. முட்டவில்லை, அது வடிகட்டிய நல்ல காற்று, முட்டுவதற்கு அதில் ஒன்றுமே கிடையாது. கதவின் கைப்பிடியைத் துடைக்கிற சாக்கில் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. பையை அவிழ்த்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். சீப்பை மட்டும் உள்ளேயே விட்டேன்.

அவர் தினமும் வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் ரிசீவரை எடுப்பார். எடுத்துவிட்டுப் பேச மாட்டார். மூச்சு மட்டும் கேட்கும். நானும் பேச மாட்டேன். வாடிக்கையாளர் சேவையில் இதற்கு ஒரு விதி உண்டு, எதிர்ப்பக்கம் பதிலில்லை என்றால் இணைப்பைத் துண்டிக்கலாம். என் பக்கம் துண்டிக்கிற பொத்தான் கிடையாது.

ஒருநாள் அவரே பேசினார்.

"லிஃப்டுல மாட்டினவங்க எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். கத்துவாங்க, என்னைத் திட்டுவாங்க, கதவை உதைப்பாங்க. ஒருத்தர்கூட பயமா இருக்குன்னு சொன்னதில்ல." ரிசீவரைக் கை மாற்றுகிற சத்தம். "எனக்குப் பயமா இருக்கும்மா. அதைப் பாத்ததும் உள்ள ஒரு கதவு மூடிக்குது. மேலேருந்து யார் கூப்பிட்டாலும் கேக்கறதில்ல. நான் வேணும்னு ஓடறதில்ல. ஓடின அப்புறம்தான் ஓடிட்டேன்னே தெரியுது."

நான் திரையை விலக்கினேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டு கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஷேவ் செய்யவில்லை. சட்டைப் பையில் வழக்கமான ஸ்க்ரூ டிரைவர். நடையில் அவருக்குப் பின்னால் கறார் சிஸ்டர் ஒரு தட்டோடு வந்துகொண்டிருந்தார்.

"கீழ ரூமுக்கு வரச் சொன்னா வண்டியை எடுக்கப் போறீங்க" என்றார் அவரிடம். "அதான் மருந்தை இங்கயே கொண்டாந்துட்டேன். உங்க வீட்டம்மா முன்னாடியே போடறேன். ஓடறதுன்னா அவங்க மொகத்தைப் பாத்துக்கிட்டே ஓடுங்க."

நடையிலிருந்த நாற்காலியைக் கண்ணாடிக்கு நேராக இழுத்துப் போட்டார். இவர் உட்கார்ந்தார். ஒரு கையில் ரிசீவர். அடுத்த கையின் சட்டையை சிஸ்டரே சுருட்டினார். பஞ்சை நனைத்ததும் இவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. உடம்பு தானாகவே எழுந்திருக்கத் தயாராவது எனக்குத் தெரிந்தது.

அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு வசனம்தான் இருந்தது. அவருடைய வசனம்தான். நான் வந்துட்டேன். ஆனால் அதை நான் எப்படிச் சொல்வது? என்னால் யாரிடமும் வர முடியாது. பொய்யாகச் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால் இரண்டாவதைக் கேட்டேன்.

"எந்த மாடி காட்டுது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். புரியச் சற்று நேரம் ஆனது.

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல" என்றார்.

"உள்ள லைட்டு இருக்கா?"

"இல்ல."

"ஃபேன்?"

"இல்ல."

"கூட யாராவது இருக்காங்களா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தபோது ஊசி உள்ளே போனது. கண்கள் விரிந்தன, தோள் துடித்தது, ஆனால் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சிஸ்டர் பஞ்சை வைத்து அழுத்தினார்.

"முடிஞ்சுது சார். எந்திரிக்காதீங்க. கொஞ்ச நேரம் அப்படியே உக்காருங்க."

"முடிஞ்சுதா?" என்றார் என்னிடம். நம்ப முடியாமல் சிரித்தார். பெரிய சிரிப்பு. சிரித்துக்கொண்டே, சொன்ன பேச்சைக் கேட்காமல், எழுந்து நின்றார். நின்றவரின் கண்கள் மேலே செருகின. நின்றபடியே சரிந்தார். பிடிக்கப் போன சிஸ்டரும் தட்டும் சேர்ந்தே கீழே போனார்கள்.

கண்ணாடி என் இடுப்பு உயரத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதற்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியாது. சுருள் ஒயர் மட்டும் இறுக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. தலை எதிலோ மோதிய சத்தத்தை ஸ்பீக்கர் என் அறை முழுக்கப் போட்டுக் காட்டியது.

"சார். சார், கண்ணைத் தொறங்க. சார்." சிஸ்டரின் குரல். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "யாராவது வாங்க இங்க."

யாரும் வரவில்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்துக் கீழே பார்த்தேன். சிஸ்டரின் தொப்பி தெரிந்தது, அவ்வளவுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதில் இல்லை.

எப்படி அறையைக் கடந்தேன் என்று தெரியாது. மருந்து ஸ்டாண்டு கூடவே உருண்டு வந்து காலில் இடித்தது. என் கை கதவின் கைப்பிடி மேல் இருந்தது. இது ஒரு கதவு, அப்பால் கை கழுவுகிற இடம், பிறகு இன்னொரு கதவு. அதற்கும் அப்பால் ஒரு ஆஸ்பத்திரி முழுக்க இருமல், தும்மல், தூசி, ஜனம். நடையைச் சுற்றிக்கொண்டு ஓடினால் அவரிடம் போய்விடலாம். அவர் மூக்கில் அந்த நோஞ்சான் கிருமி குடியிருக்கிறது. நான் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வேன். அவர் என் முகத்துக்கு நேராகத்தான் மூச்சு விடுவார். எல்லாம் தெரிந்துதான் கைப்பிடியை அழுத்தினேன். அது இலகுவாக இறங்கியது. பூட்டு கிடையாது. உள்ளேருந்து நீங்களே தொறக்கலாம். கதவு ஒரு கீற்று விலகி, அந்தப் பக்கத்துக் காற்று என் விரல்மேல் பட்டது.

"நான் வந்துட்டேன்."

அறை முழுக்க அந்தக் குரல். தரையிலிருந்து, கீழே கிடந்த ரிசீவரிலிருந்து, வாய் குழறி வந்தது. என்னை அவர் பார்க்கவில்லை, பார்க்க வழியில்லை. மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்வார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

"கதவைத் தொடாதே. நான் வந்துட்டேன்."

கதவைச் சாத்தினேன். கையை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது, எடுத்துவிட்டேன். கதவில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அவரும் தரையில்தான் இருந்தார். சிஸ்டர் அவரைத் திட்டிக்கொண்டிருந்தது கேட்டது, பிறகு அவர் மூச்சு கேட்டது.

"எந்த மாடி காட்டுது?" என்றார்.

"தெரியல" என்றேன். அழுதுகொண்டிருந்தேன்.

"சரி. பேசிக்கிட்டே இரு."

எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.